ஆறிருச்சு என்று அப்பா சொல்லும்போது

திங்கட்கிழமை காலையில் நீ போர்மேனாகக் கம்பெனிக்குள் நுழையப்போகிறாய், தம்பி. உன் அப்பா உனக்கு முன்பே போய் அந்த வாசலில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். நேற்று சாத்தூர் போய் உனக்கு இரண்டு சட்டை எடுத்து வந்திருக்கிறார். பட்டாசுக் கம்பெனிக்குள் நைலான் கலந்த துணி ஆகாது என்று, கடையில் நூலை உருவிப் பார்த்துத்தான் வாங்கினாராம். அவரே இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டியிருக்கிறார். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்க்கிறார். அந்தக் கையைப் பற்றித்தான் உனக்கு எழுதவேண்டியிருக்கிறது.

அம்மா எதற்கு எழுதுகிறாள், நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். மூன்று பேர் இருக்கிற அறையில் நான் ஒரு பேச்சைத் தொடங்கி முடித்ததை நீ பார்த்திருக்கிறாயா? பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், கல்லூரியிலும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டம் வந்ததே தவிர பேச்சு வரவில்லை. அதுவும் நான் சொல்லப்போவதை உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல முடியாது. அவர் சிரித்துவிடுவார், நீயும் சேர்ந்து சிரித்துவிடுவாய், அத்தோடு முடிந்துபோகும். ஆகவே எழுதுகிறேன். நம் பேரையும் ஊரையும் கம்பெனியையும் விட்டுவிட்டு இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன், நம் பக்கத்தில் இப்படி ஒரு கை இல்லாத வீடு குறைவு என்பதால். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதிக்க புள்ள, எவன் உக்காந்து படிக்கப் போறான்” என்றார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் உள்ளங்கைக்கு இப்போது சூடு தெரியவில்லை. போன வாரம் நீ வெம்பக்கோட்டைக்கு உன் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போயிருந்தாயே, அன்று மதியம் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து துணி இல்லாமல் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு நடந்து வந்தார். கொதி அடங்காத சட்டி. கீழே வைத்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்து, “ஏ புள்ள, இங்க பாரேன், தோல் உரிஞ்சிருக்கு. எங்கன பட்டுச்சுன்னே தெரியல” என்றார். இந்தச் சட்டியில்தான், இப்போதுதான் என்றேன். அவர் நம்பவில்லை. மற்ற கையைச் சட்டியின் மேல் வைத்து, “இது ஆறித்தான இருக்கு” என்றார். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். மறுநாள் நீ கேட்டபோது வண்டி சைலன்சர் பட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னார். அதை நீ நம்பினாய்.

அந்தக் கையை நம்பித்தான் கம்பெனியின் காயப்போடுகிற மேடை நடக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வெடிமருந்து அடைத்த பூச்சட்டிகளையும் உருட்டிய மருந்து உருண்டைகளையும் தட்டுத் தட்டாக வெயிலில் பரப்புவார்கள். சாயங்காலம் அவற்றை அறைக்குள் எடுத்து அடுக்குவதற்கு முன்னால் சூடு ஆறியிருக்கவேண்டும். சூட்டோடு அடுக்கினால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே இருந்துவிடும். ஆறிவிட்டதா என்று பார்ப்பதற்கு நம் ஊர் வழக்கம் கைதான். மேடையில் மூத்த ஆள் ஒருவர் தட்டுத் தட்டாக உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு “ஆறிருச்சு, எடுங்க” என்பார். அந்தச் சொல் வரும்வரை ஒருவரும் தட்டைத் தொடமாட்டார்கள். வந்தபிறகு ஒருவரும் யோசிக்கமாட்டார்கள். அந்தச் சொல்லைச் சொல்கிறவர் உன் அப்பா. திங்கட்கிழமையிலிருந்து அவர் உனக்குக் கீழே வேலை செய்கிறவர். அறைக்குள் என்ன போனாலும் அதற்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறவன் நீ.

நான் இதை முதன்முதலில் கவனித்தது நீ பிறப்பதற்கு முன்னால். அப்போது மதுரையில் நுண்ணுயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்திருந்தது. அத்தை மகன் என்பதால் சிறுவயதிலிருந்தே பேசி வைத்தது. படிப்பை நிறுத்தச் சொன்னவர்களிடம் “அவ படிச்சா ஒங்களுக்கு என்ன வலிக்குது” என்று கேட்டவர் உன் அப்பாதான், அதை நான் மறக்கவில்லை. கடைசி வருடம் ஆய்வுக்கு, வெப்பத்தில் வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வரவேண்டும் என்று துறையில் சொன்னார்கள். மற்றவர்கள் வெந்நீர் ஊற்று இருக்கிற வடநாட்டு இடங்களைப் பற்றிப் பேசினார்கள். நான் சாத்தூரைத் தாண்டி மதுரை வந்ததே பெரிய பயணம். என்னோடு படித்த பர்வீன், விருதுநகர்ப் புண்ணாக்கு வியாபாரி ஒருவரின் மகள், என் காதில் சொன்னாள்: “எதுக்குடி அம்புட்டு தூரம்? எங்க அத்தா குடோனுக்கு வா. மழையில நனைஞ்ச மூட்டை அடுக்கு ஆவி விட்டுக்கிட்டுக் கெடக்கு. அடுப்பே வேணாம், அது மேல இட்லி ஊத்தலாம்.”

நனைந்த புண்ணாக்கு மூட்டை தானாகச் சூடேறும் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். ஏன் என்பதை நான் அப்போதுதான் படித்திருந்தேன். ஈரம் கண்ட இடத்தில் சாதாரண நுண்ணுயிர்கள் பெருகித் தின்னத் தொடங்குகின்றன. தின்கிறபோது சூடு வருகிறது. அடுக்கின் நடுவிலிருந்து அந்தச் சூடு வெளியேற முடியாது. கொஞ்சம் ஏறியதும் அதை உண்டாக்கிய உயிர்களே அதில் மடிகின்றன. பிறகு வெப்பத்தை விரும்புகிற வேறு இனம் தலையெடுக்கிறது, அது தின்கிறது, சூடு இன்னும் ஏறுகிறது. நெருப்பு என்று ஒன்றை யாரும் வைக்கவில்லை. ஆனால் அப்படிக் கிடந்த குடோன்கள் எரிந்திருக்கின்றன. வெளியில் நின்று பார்த்தால் சாக்கு மூட்டைகள் வரிசையாக, அமைதியாக இருக்கும்.

மூட்டைகளை நகர்த்த ஆள் வேண்டும் என்று உன் அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். நான் தெர்மாமீட்டரை எடுப்பதற்குள் அவர் இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் முழங்கைவரை கையை விட்டுவிட்டார்.

“எப்படிண்ணே இருக்கு?” என்று பர்வீன் கேட்டாள்.

“கை பொறுக்குற சூடுதான். இதுக்குத்தானா இம்புட்டு படிப்பு?”

அவர் கையை எடுக்கவில்லை. நான் அதே இடுக்கில் தெர்மாமீட்டரைச் செருகினேன். அது ஏறிக்கொண்டே போய் அறுபதைத் தாண்டியது. பர்வீன் எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்: “அண்ணே, கைய எடுங்கண்ணே! வெந்துறப் போகுது!” அவர் நிதானமாக வெளியே எடுத்தார். முழங்கை மடிப்பு வரைக்கும் கன்றிச் சிவந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது. வலித்ததால் மாறவில்லை தம்பி, பார்த்ததால் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டு, “நம்ம கைக்கு இதெல்லாம் சூடா?” என்றார். பர்வீன் என் பக்கம் திரும்பி, “ஏடி, மூட்டைய விடு. ஒம் மாப்பிள்ளைய சாம்பிளா எடுத்துட்டுப் போயிருவோம், லேப்ல வளத்துப் பாப்போம்” என்றாள். மூவரும் சிரித்தோம். எனக்கு அவர்மேல் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மூட்டையிலிருந்து எடுத்த பாக்டீரியா அறுபது டிகிரியில் ஒரே நாளில் தட்டு நிறைய வளர்ந்தது. நம் உடம்புச் சூட்டில் வைத்தால் அப்படியே கிடந்தது, சாகவும் இல்லை, வளரவும் இல்லை. நமக்கு இதமாக இருப்பது அதற்கு விறைக்கும் குளிர். அந்தக் காலத்தில் இந்த இனங்களின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து வெளியிடத் தொடங்கியிருந்தார்கள். துறையில் இருந்த ஒரே கணினியில் நாங்கள் முறைவைத்து உட்கார்ந்து, வெப்பத்தில் வாழும் இனத்தின் எழுத்துகளையும், அதன் நெருங்கிய சொந்தமான, சாதாரண மண்ணில் வாழும் இனத்தின் எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள்தான், லட்சக்கணக்கில். ஜியும் சியும் மூன்று பிடிப்பாகவும் ஏயும் டியும் இரண்டு பிடிப்பாகவும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், சூட்டில் வாழும் இனத்துக்கு எங்கு பார்த்தாலும் ஜியும் சியுமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முழுத் தொகுதியில் பெரிய வித்தியாசம் தெரியாது. புரதம் கட்டுகிற பட்டறையில், அங்கே வேலை செய்கிற ஆர்.என்.ஏ.வில்தான் அந்த இறுக்கம் தெரியும். எது முதலில் உருகினால் உயிர் போகுமோ அங்கே இறுக்கிக்கொண்டிருக்கிறது.

புரதங்களும் அப்படித்தான். சூட்டில் எளிதாகக் கெடுகிற அமினோ அமிலங்களைக் குறைத்துவிடுகிறது. எதிரெதிர் மின்னூட்டம் உள்ளவற்றைக் கூட்டி, அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி அமைத்துவிடுகிறது. பக்கத்தில் அதே சூட்டில் வாழும் வேறு இனத்திடமிருந்து மரபணுத் துண்டையே வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது, உறவு முறையெல்லாம் பார்ப்பதில்லை. இன்னொன்றும் கவனித்தேன். இதன் மரபணுத் தொகுதி, குளிர்ந்த மண்ணில் வாழும் அதன் சொந்தத்தின் தொகுதியைவிடச் சிறியது. பல நிலைமைகளைச் சமாளிக்க அந்தச் சொந்தம் வைத்திருக்கும் மரபணுக்கள் பல இதனிடம் இல்லை. சூட்டில் ஒவ்வொரு முறை நகலெடுப்பதும் செலவுதான், பயன்படாததைச் சுமக்க முடியாது. பயன்படாமல் கிடப்பது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோகிறது. உதிர்ந்தது திரும்பி வருவது அரிது.

இதையெல்லாம் படித்தபோது உயிர் சூட்டுக்குப் பழகிக்கொள்கிறது என்றுதான் நானும் எழுதி வைத்திருந்தேன். பிறகு நானும் பர்வீனும் சாதாரணப் பாக்டீரியாவை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு படியிலும் தட்டுகள் வெறுமையாக வந்தன. அடுக்கடுக்காக வெறும் தட்டு. எங்காவது ஒன்றில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி வளர்ந்திருக்கும். அந்தப் புள்ளியை எடுத்து அடுத்த சூட்டுக்குப் போவோம். வெறும் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். ஒரு நாள் கழுவிக்கொண்டே பர்வீன் சொன்னாள்: “பழகிருச்சு பழகிருச்சுன்னு எழுதுறோமே, எதுடி பழகுச்சு? பழகாததையெல்லாம் தான் நாம கழுவி ஊத்திட்டமே.” அவள் சும்மா பேச்சுக்குச் சொன்னாள். நான் கையில் இருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எந்த ஒற்றைப் பாக்டீரியாவும் சூட்டுக்குப் பழகவில்லை. சற்று வேறாகப் பிறந்த ஒன்றைத் தவிர மற்றவை செத்துப்போயின. மிச்சம் இருந்ததை மட்டும் பார்ப்பதால் பழகியதுபோல நமக்குத் தெரிகிறது.

நம் ஊரில் ஆறேழு வயதிலிருந்து நான் கேட்ட சொல் அது. வெயில் பழகிருச்சு, மருந்து நெடி பழகிருச்சு, கம்பெனி பழகிருச்சு. அந்த வருடம் பரீட்சை முடிந்து வந்ததும் தீபாவளி சீசனுக்கு நானும் மேடை வேலைக்குப் போனேன். பட்டதாரி போகலாமா என்று யாரும் கேட்கவில்லை, சீசனில் வீட்டில் சும்மா இருப்பவரைத்தான் கேட்பார்கள். அந்த வாரம் மேகம் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட நாளில் காய்ந்த வரைக்கும் லாபம் என்று மதியம் வந்த கடும் வெயிலில் தட்டுகளை விட்டுவைத்திருந்தார்கள். மூன்று மணிக்கே வடக்கே கறுத்துவிட்டது. வாசலில் லோடு ஏற்ற லாரி நின்றது. அப்போதே கை பார்க்கிற பொறுப்பு உன் அப்பாவிடம் வந்திருந்தது. அவர் அவசர அவசரமாகத் தட்டுகளின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போய், “ஆறிருச்சு, எடுங்க எடுங்க” என்றார்.

மல்லாங்கிணறு பக்கம் காட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்து, மழை பொய்த்ததால் அந்த வாரம்தான் கம்பெனிக்கு வந்த ஒரு பெண் எனக்கு அடுத்து நின்றாள். தட்டைத் தொட்டவள் கையை உதறினாள்.

“யண்ணே, சுடுதுண்ணே!”

மேடையே சிரித்தது. “புதுக்கைல்ல, அப்படித்தான் இருக்கும்” என்றாள் ஒருத்தி. “ஏத்தா, மகாராணிக்குக் கையுறை கொண்டாங்க” என்றாள் இன்னொருத்தி. அந்தப் பெண் முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தட்டைத் தூக்கினாள். எனக்கும் சுட்டது. நான் உன் அப்பா பக்கத்தில் போய், சூடு இன்னும் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன். “மழை வந்தா மருந்து நனைஞ்சுரும் புள்ள. அது இதவிடப் பெரிய வினை. நீ எடு” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஈரம் பட்ட மருந்தும் தானாகச் சூடேறும். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கும்போது எது பெரியது என்று தீர்மானிக்க அவரிடம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

தட்டுகளை அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். மழை பெய்யவில்லை, நாலு துளி போட்டுவிட்டுப் போய்விட்டது. சற்று நேரத்தில் அறைக்குள்ளிருந்து கருகலும் புளிப்புமாக ஒரு நெடி வந்தது. உன் அப்பா ஓடினார். நடு அடுக்கிலிருந்து ஒரு தட்டை உருவி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆட்கள் இல்லாத பக்கம் மணலில் வைத்தார். அதில் உருண்டைகள் நிறம் மாறியிருந்தன. நாங்கள் எல்லோரும் வேலியோரம் ஓடி நின்றோம். வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ இருமினார்கள், யாரோ தண்ணீர் கேட்டார்கள், எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

அன்று ஒன்றும் நடக்காமல் போனதுதான் தம்பி, அந்த மேடைக்கு நேர்ந்த கேடு. “அன்னைக்கே ஒண்ணும் ஆகல, இன்னைக்கா ஆகப்போகுது” என்பது அதன்பிறகு வாயில் ஏறிவிட்டது. முன்பெல்லாம் வெயில் தாழ்ந்தபின் தட்டுகளை நிழலில் ஒரு பொழுது விட்டுவைப்பார்கள், அது நின்றது. அறைக்குள் அடுக்குக்கு நடுவில் காற்றுப் போக இடம் விடுவார்கள், அந்த இடத்தில் இன்னொரு அடுக்கு வந்தது. எந்த வழக்கமும் ஒரே நாளில் போகவில்லை. பயன்படவில்லை என்று தோன்றியது ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கணினித் திரையில் நான் பார்த்த அந்தச் சிறுத்துப்போன தொகுதி எனக்கு ஞாபகம் வரும். ஆனால் அந்த உயிருக்காவது சூடுதான் வீடு. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை.

மல்லாங்கிணற்றுப் பக்கத்துப் பெண் அந்த சீசன் முழுக்க வந்தாள். முதலில் ஊதி ஊதி எடுத்தாள். பிறகு ஊதாமல் எடுத்தாள். அடுத்த வருடம் புதிதாக வந்த ஒருத்தி “சுடுது” என்றபோது முதலில் சிரித்தவள் அவள்தான். பக்கத்தில் நிற்பவளிடமிருந்து தட்டை வாங்குவதுபோலச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறகு வந்தவர்களில் தாங்க முடியாதவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், சிலர் தீப்பெட்டி ஒட்டப் போனார்கள், சிலர் திருப்பூர் போனார்கள். நான் நின்றது நீ வயிற்றில் வந்ததால். இப்போது அந்த மேடையில் நிற்கும் எல்லோருக்கும் சூடு தெரியாத கை. அவர்கள் கல்லாகப் பிறந்தவர்கள் கிடையாது. சூடு தெரிந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள், அவ்வளவுதான். சுடுகிறது என்று சொல்லக்கூடிய ஒருவரையும் அந்த வேலை தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தலைமையாக, அவர்கள் எல்லோரையும்விட மரத்துப்போன ஒரு கை. நீ அதைப் பார்த்து வளர்ந்ததால் அதைத் திறமை என்று நினைக்கிறாய். போன தீபாவளிக்கு உன் சிநேகிதர்களிடம் நீ சொன்னதை நான் அடுக்களையிலிருந்து கேட்டேன்: “எங்க அப்பா கை வச்சா தெர்மாமீட்டரே வேணாம்லே.”

நீ வேதியியல் படித்தவன். மருந்துக் கலவையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு அதிகம் தெரியும், அதில் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் சொல்வது உன் கையைப் பற்றி. திங்கட்கிழமை உனக்குச் சுடும். முதல் சில வாரம் தட்டைத் தொடும்போதெல்லாம் சுடும். அதை மறைக்காதே. மேடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், “போர்மேன் கை பூவாட்டம் இருக்கு” என்பார்கள். சிரிக்கட்டும். உனக்கு எப்போது சுடாமல் போகிறதோ அப்போது தேறிவிட்டோம் என்று நினைத்துவிடாதே. தெர்மாமீட்டர் வாங்கிக்கொள், அதை மேசை டிராயரில் வைக்காமல் மேடையில் வை. புதிதாக வந்தவள் சுடுகிறது என்றால் அந்த ஒரு சொல்லுக்காக மேடை முழுவதையும் நிறுத்து. அவள் அழுதுகொண்டு வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள். அவள் போய்விட்டால் சுடுகிறது என்று உனக்குச் சொல்ல ஆள் இருக்காது.

இதெல்லாம் உன்னால் முடியும். முடியுமா என்று நான் பயப்படுவது இன்னொன்றை. முதல் நாள் சாயங்காலம் உன் அப்பா எல்லோர் முன்னாலும் தட்டின்மேல் கை வைப்பார். அன்று அவர் வழக்கத்தைவிட உரக்கச் சொல்வார், மகன் கேட்கவேண்டும் என்று. “ஆறிருச்சு, எடுங்க.” லாரி நிற்கும். கணக்குப்பிள்ளை கடிகாரத்தைப் பார்ப்பார். எல்லோரும் குனிந்து தட்டில் கை வைப்பார்கள். அப்போது நீ “வேண்டாம், இருக்கட்டும்” என்று சொல்லவேண்டும். தெர்மாமீட்டரை அவர் கை இருந்த இடத்திலேயே வைத்து, அது காட்டுவதை வாய்விட்டுப் படிக்கவேண்டும். பிறகு அவரை மேடையிலிருந்து எடுத்து வேறு வேலைக்குப் போடவேண்டும், கேட்டிலோ குடோன் வாசலிலோ. கேட்டுப் பார்க்கலாம், கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைக்காதே. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். குழம்புச் சட்டி நாளில்கூடக் கேட்டேன். “மேடைய விட்டுட்டு நான் என்ன செய்ய? கேட்டுல உக்காந்து காக்கா வெரட்டவா?” என்றார். லீவு நாளில் அவர் இருப்பதை நீ பார்த்திருக்கிறாய். உட்காரமாட்டார், சாப்பிடமாட்டார், சைக்கிளை எடுத்துக்கொண்டு பூட்டிய கம்பெனியைச் சுற்றிவிட்டு வருவார். இதமான இடத்தில் அவர் அந்தப் பாக்டீரியா மாதிரி விறைத்துப்போகிறார். அது உன்னால் ஆற்றக்கூடிய வேதனையாக இருக்காது. அவர் கேட்டில் சந்தோஷமாக இருப்பார் என்று உன்னிடம் நான் பொய் சொல்லவில்லை.

அந்த வார்த்தையை அவரிடம் உன்னால் சொல்ல முடியாது என்று இதைப் படிக்கும்போதே உனக்குத் தோன்றினால், திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதே. உன்னை யாரும் குறை சொல்லாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த ஒரு தடவை உரக்கவே பேசுவேன். ஆனால் போவதென்றால் சொல்லிவிடு, முதல் நாளே சொல்லிவிடு. இரண்டாவது நாள் உனக்குக் கொஞ்சம் சுலபமாகிவிடும், எதையும் சொல்லாமல் இருப்பது.

அவர் முகம் வாடும். வாடட்டும். அத்தனை பெண்கள் முன்னால் மகன் தலை குனியவைத்துவிட்டான் என்று நினைப்பார், நினைக்கட்டும். உன் வண்டியில் ஏறமாட்டார். அந்தத் தார்ச்சாலையில் தனியாக, உன்மேல் கோபமாக, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வரட்டும். நீ பின்னால் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வா. உங்களில் யார் முதலில் பேசுவது என்பதை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா